ஆறு சர்வீஸ், ஒரே பேனா

ஜூன் 8, ஞாயிறு

இந்த நோட்டு உங்கள் கையில் இருக்கிறது என்றால், என் கட்டிலுக்கு அடியில் இருக்கும் செருப்புப் பெட்டியைத் திறந்துவிட்டீர்கள். திறந்தது திறந்ததுதான். கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். அம்மா பார்த்தால் அழுவாள். மாமா பார்த்தால் மறுபடி சண்டைதான். படிப்பது நீங்கள்தானா, அப்பா? அப்படியானால் இந்த வரியோடு மூடி வைத்துவிடுங்கள். ப்ளீஸ்.

நோட்டுக்குக் கீழே ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். அது என்னுடையது இல்லை. இன்று சாயங்காலம் திருடினேன்.

திருட நினைக்கவில்லை. மாமா சிவப்புக் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். சின்னக் குடும்பக் கார், பின்கதவு மேலே தூக்கித் திறக்கும் வகை. ஏழு வருட வண்டி, ஆனால் நேற்றுப் பிறந்தது போல மின்னியது. மாமா அம்மாவின் தம்பி. பழைய கார்களை வாங்கி விற்பவர். இரண்டு வருடங்களாக எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அத்தையைப் பற்றி, அவள் காதில் விழும்படி, "இந்தப் பாரத்தை இன்னும் எத்தனை நாளு எங்கக்கா சுமக்கணும்" என்று அன்று சொல்லிவிட்டார். அத்தை அப்பாவின் அக்கா. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன, காலும் சரியாக ஊன்ற வராது. எங்களோடுதான் இருக்கிறாள். அன்றிலிருந்து அப்பா மாமாவோடு பேசவில்லை. அம்மா துணி மடிக்கும்போதெல்லாம் மூக்கை உறிஞ்சுவாள்.

இன்று மாமா படியேறி வந்து, நேரே அத்தையின் சக்கர நாற்காலி முன்னால் நின்று, "பெரியக்கா, உங்களுக்காகத்தான் இந்த வண்டியை வேற யாருக்கும் காட்டாம வச்சிருந்தேன்" என்றார்.

அத்தை எட்டிப் பார்த்தாள். "சிவப்பா இருக்கே. ஓடுமா, இல்ல பாத்துக்கிட்டே இருக்கணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். "வா மாப்ள, உக்காரு" என்றார். அம்மா உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஐந்து டம்ளர் டீ.

நான் டீயைக் குடித்துவிட்டுக் காரில் போய் உட்கார்ந்தேன். முன்பக்க டப்பாவில் சர்வீஸ் புத்தகம் இருந்தது. ஆறு வருடம், ஆறு சர்வீஸ், ஒவ்வொன்றுக்கும் தேதி, கிலோமீட்டர், கையெழுத்து, முத்திரை. படித்தேன். இரண்டாம் முறை படித்தேன். அதற்குள் எல்லாரும் வெளியே வரும் சத்தம். திரும்ப வைத்திருக்கலாம். பயத்தில் சட்டைக்குள் செருகிக்கொண்டேன்.

ஆறும் ஒரே நாளில் எழுதியவை. நிச்சயமாக. எனக்கு எப்படித் தெரியும் என்று இன்றைக்கு எழுதமாட்டேன்.

அடுத்த ஞாயிறு முன்பணம் கொடுப்பதாக அப்பா கைகொடுத்துவிட்டார்.


ஜூன் 9, திங்கள்

இன்றும் டாக்ஸி வரவில்லை.

திங்கள், புதன், வெள்ளி காலை ஐந்தரைக்கு அத்தைக்கு டயாலிசிஸ். நாலு மணி நேரம் ரத்தம் இயந்திரத்துக்குள் போய்ச் சுத்தமாகி வரவேண்டும். தாமதமானால் அடுத்த ஆளுக்காக நேரத்தைக் குறைத்துவிடுவார்கள். நாலே முக்காலுக்கு வருவதாகச் சொன்ன டிரைவர் ஐந்து பத்துக்கு ரத்து செய்தார். அப்பா தெருமுனைக்கு ஓடினார். அம்மா மூன்று நம்பருக்கு மாறி மாறி அழைத்தாள். அத்தை வாசலில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கொண்ணும் அவசரமில்ல, கிட்னிக்குத்தான் அவசரம்" என்றாள். அவள் கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

இரண்டரை மணி நேரம்தான் கிடைத்தது. சாயங்காலம் படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்தே இருந்தாள்.

அதனால்தான் கார். ஊர் சுற்ற இல்லை. விடியலுக்கு முன்னால், வாரத்துக்கு மூன்று நாள், சாவியைத் திருப்பினால் கிளம்பவேண்டும். அவ்வளவுதான் எங்களுக்கு வேண்டியது. அந்த ஒன்றுதான் சிவப்புக் காரில் இருக்கிறதா என்று தெரியவில்லை.

நான் கால் பிடித்துவிடும்போது அத்தை சொன்னாள்: "நம்ம வார்டு சிஸ்டர் காரை விக்கிறாங்களாம். நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கு. பச்சையா, மாத்திரை டப்பா மாதிரி ஒண்ணு. பாக்கச் சகிக்காது. ஆனா கண்ணு, மூணு வருஷமா நான் எந்த நாளு போனாலும் அது எனக்கு முன்னாடி வந்து நிக்குது."

"அப்பாகிட்ட சொன்னீங்களா?"

"சிவப்பு வந்து நிக்கிறப்போ பச்சையப் பத்திப் பேசுனா, உங்க மாமா மேல எனக்கு இன்னும் கோவம்னு ஆயிடும். வேணாம்."

அத்தையும் பயப்படுகிறாள். எனக்கு அது புதிதாக இருந்தது.


ஜூன் 10, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது.

அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு அட்டை உண்டு. மாதம் ஒருமுறை கயிறு, பிரேக், கதவு எல்லாம் பார்த்து அதில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். ஒரு அட்டை மூன்று வருடம் வரும். சின்ன வயதில் அப்பா என்னைக் கட்டிடங்களுக்குக் கூட்டிப்போவார். அட்டைகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு மாதம் நீலம், ஒரு மாதம் கறுப்பு. ஒன்றில் மசிக் கட்டைவிரல் ரேகை. ஒன்று மழையில் நனைந்து ஊறியிருக்கும். ஒரு வரி ஏறும், ஒரு வரி இறங்கும்.

இன்னொன்றும் பிடிக்கும். லிஃப்ட் குழியின் கதவைத் திறக்கும் முன் அப்பா அதை இரண்டு முறை தட்டுவார். டக் டக். உள்ளே வேலை செய்யும் ஆளுக்கு, நான்தான் வருகிறேன் என்று சொல்வது அது. கூட வேலை செய்பவருக்கு மட்டும்தான் அந்தத் தட்டு. எங்கள் வீட்டில் யாரும் எந்தக் கதவையும் தட்டுவதில்லை. என் அறைக்குத் தாழ்ப்பாளே இல்லை. தள்ளினால் திறந்துகொள்ளும்.

போன வருடம் நவம்பரில் அத்தை மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அப்பா பகலில் அங்கேதான். ஒருநாள் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன். சமையலறை மேஜையில் அப்பா. முன்னால் பதினோரு அட்டைகள். ஒரே பேனா. ஒன்றை முடித்து அடுத்ததை இழுத்து — சரி, சரி, சரி, கையெழுத்து. அடுத்தது. சரி, சரி, சரி. எல்லா வரியும் ஒரே சாய்வு.

தண்ணீர் குடிக்காமல் திரும்பிப் போய்ப் படுத்துவிட்டேன்.

ஒரே உட்காரலில் எழுதினால் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சிவப்புக் காரின் புத்தகத்தைப் பற்றி நான் வாயைத் திறந்தால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். என்ன சொல்லுவேன்? அப்பாவிடம் பார்த்தேன் என்றா?


ஜூன் 11, புதன்

மாமா போன் செய்தார். சர்வீஸ் புத்தகத்தைக் காணோமாம். "உங்க வீட்டுக்கு வர்றவரைக்கும் இருந்துச்சுக்கா."

அம்மா போனை வைத்துவிட்டு, "நம்ம வீட்டுல யாரு எடுக்கப்போறா" என்றாள். மறுபடி சண்டை வந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

நான் கணக்கு நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கணக்கும் போடவில்லை.


ஜூன் 12, வியாழன்

பள்ளி நூலகத்தில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பழைய கார் வாங்குவது பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். வரலாற்று வகுப்பைத் தவறவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை.

புதுக் கார் நமக்கு எட்டாது. தவணை அம்மாவின் சம்பளத்தில் பாதியைத் தின்றுவிடும். அம்மா கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறாள், நாள் முழுக்க நின்றபடி. இன்னும் ஐந்து வருடம் அவள் முதுகை அடகு வைப்பதா?

சிவப்பு அழகு. திரை இருக்கிறது, பாட்டு நன்றாகக் கேட்கும். ஆனால் உள்ளே உட்கார்ந்து பின்னால் திரும்பிப் பார்த்தேன், டிக்கியில் பாதி இடத்தைப் பாட்டுப் பெட்டி பிடித்துக்கொண்டிருக்கிறது. சக்கர நாற்காலியை எங்கே வைப்பது? ஞாயிற்றுக்கிழமை யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மீட்டரில் நாற்பத்தாறாயிரம் கிலோமீட்டர். பிரேக் பெடலின் ரப்பரோ வழவழவென்று தேய்ந்து ஓரத்தில் இரும்பு தெரிந்தது. ஸ்டியரிங்குக்கு மட்டும் புது உறை. நாற்பத்தாறாயிரத்தில் ரப்பர் இப்படித் தேயுமா? தேயாது என்றுதான் எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது.

புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். முத்திரையின் வலது மூலையில் ஒரு சின்ன உடைசல் இருக்கிறது. ஆறாவது வருட முத்திரையில் இருந்தால் சரி. முதல் வருட முத்திரையிலும் அதே உடைசல், மயிரிழை கூடாமல் குறையாமல். ஆறு வருடம் குத்திய ரப்பர் அப்படியே இருக்குமா?

மாத்திரை டப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அது தினமும் விடியலில் வந்து நிற்கிறது. அத்தை சாட்சி.

கையில் எல்லாம் இருக்கிறது. தொண்டைதான் இல்லை. வாயால் சொல்ல என்னால் முடியாது. மாமா எனக்கு மௌனசாமி என்று பேர் வைத்தது சும்மா இல்லை.

ஒரு தாளில் எழுதினேன். ரப்பர், உறை, உடைசல், பேனா, நாற்காலிக்கு இடம் இல்லாதது. கடைசியில்: "ஆறும் ஒரே உட்காரலில் எழுதியவை. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்." புத்தகத்துக்குள் வைத்து, அப்பாவின் வேலைப் பையில், லிஃப்ட் அட்டைகளுக்கு நடுவே செருகிவிட்டேன்.

இப்போது போய்த் திரும்ப எடுத்துவிடலாமா? இன்னும் நேரம் இருக்கிறது.

எடுக்கவில்லை. இரண்டு முறை எழுந்தேன். எடுக்கவில்லை.


ஜூன் 13, வெள்ளி

அப்பா வந்ததும் கை கழுவினார். சாப்பிட்டார். பாத்திரத்தை வைத்தார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். "காய்ச்சலா?" என்று அம்மா நெற்றியைத் தொட்டாள்.

அப்புறம் என் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து என் தாளை எடுத்து முழங்காலில் வைத்து நீவினார்.

"எப்படித் தெரியும்னு கேக்காதீங்கன்னு எழுதியிருக்க."

தலையாட்டினேன்.

"கேக்கல. எனக்குத் தெரியும். அன்னிக்கு நீ தண்ணி குடிக்க வந்த. கதவு இடுக்குல உன் கால் தெரிஞ்சுது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் நிறுத்தச் சொல்லவில்லை. காத்திருந்தார்.

"நீ போயிட்ட. நான் எழுதி முடிச்சேன். படுத்தா தூக்கம் வரல பாப்பா. ஞாயித்துக்கிழமை கிளம்பிப் போயி பதினோரு லிஃப்டையும் பாத்தேன். ஒண்ணுல கயிறு இழை விட்டிருந்துது. அட்டையில சரின்னு எழுதியிருக்கேன், அங்க இழை விட்டு நிக்குது."

"என்னப்பா பண்ணீங்க?"

"லிஃப்ட நிறுத்திட்டு, எல்லா அட்டையிலயும் உண்மைய எழுதிட்டு, சூப்பர்வைசர்கிட்டப் போயி சொன்னேன்."

"திட்டினாரா?"

"திட்டல. அந்த வருஷ போனஸ எடுத்துட்டாரு."

அதனால்தான் பள்ளிச் சுற்றுலாவுக்கு நான் போகவில்லை. அப்போது ஸ்கூட்டர் செலவு என்று சொன்னார். நான் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். சே.

"ஊருக்கெல்லாம் அட்டையப் பாத்து நல்லது கெட்டது சொல்றவன் நான். நம்ம வீட்டுக்கு வண்டி வந்தப்போ புத்தகத்தத் திறக்கக்கூட இல்ல. மாப்ள படியேறி வந்துட்டான்கிற சந்தோஷத்துலயே இருந்துட்டேன்."

"நான் எடுத்தது தப்புப்பா."

"தப்புதான். மாமாகிட்ட நீயே கொடு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

போகும்போது தாளை மடித்து மறுபடி தன் பையிலேயே வைத்துக்கொண்டார். திருப்பிக் கொடுக்கவில்லை.


ஜூன் 14, சனி

அம்மாவுக்கு அப்பா சொல்லிவிட்டார். ஒரே டம்ளரை மூன்று முறை கழுவினாள். "என் தம்பி தெரிஞ்சு செய்ய மாட்டான்" என்றாள். "நானும் அப்படித்தான் நினைக்கிறேன்" என்றார் அப்பா.

மதியம் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கண்ணாடிக் கடை நாலாவது மாடி. எப்போதும் படியில் ஏறுவேன். இன்று லிஃப்டில் ஏறினேன், அப்பா பார்க்கும் பதினொன்றில் அதுவும் ஒன்று. பொத்தான்களுக்கு மேலே பிளாஸ்டிக் உறையில் அட்டை. விரலால் தேடிப் பிடித்தேன். நவம்பர். சரி, சரி, சரி. அதற்குக் கீழே சிவப்பு மையில், அப்பாவின் கோணல் எழுத்தில்:

"மேலே உள்ள தேதியில் பார்க்கப்படவில்லை. பார்த்த தேதி இது." தேதி, கையெழுத்து.

நாலாவது மாடியில் கதவு திறந்தது, மூடியது. நான் இறங்கவில்லை. கீழே போய், மறுபடி மேலே வந்தேன். ஏழு மாதமாக இத்தனை பேர் ஏறி இறங்குகிறார்கள், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அப்பா தன் தப்பை அங்கே தொங்கவிட்டிருக்கிறார்.

உள்ளே நின்றிருந்த ஒரு பெரியவரிடம், "இது எங்கப்பா எழுதினது" என்று சொல்லிவிட்டேன். கேட்காமலே. அவர், "அப்படியாம்மா" என்றார்.

மௌனசாமி. நானா அது?


ஜூன் 15, ஞாயிறு

மாமாவை ஒரு வொர்க்‌ஷாப்புக்கு வரச் சொல்லியிருந்தார் அப்பா. அதை நடத்துவது ஒரு அக்கா. முன்பு லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்த்தவர். மாமா சிரித்துக்கொண்டே இறங்கினார். "என்ன அத்தான், என் வண்டிக்கே பரிட்சையா?"

நான் முன்னால் போனேன். புத்தகத்தை நீட்டினேன்.

"மாமா, இத நான்தான் எடுத்தேன். மன்னிச்சுக்கோங்க."

"நீயா? வாயத் தொறந்தா காசு கேப்பாங்கன்னு இருக்கிற பொண்ணு. நீயா எடுத்த?"

"அதுல எழுதியிருக்கிறது பொய், மாமா."

சொல்லிவிட்டேன். அப்பா சொன்னபடியே பக்கத்தில்தான் நின்றார்.

அக்கா ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் செருகினார். மீட்டரில் நாற்பத்தாறாயிரம். வண்டியின் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு எண் இருந்தது. ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம். அக்கா அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. கருவியை மாமா பக்கம் திருப்பிக் காட்டினார்.

மாமா அங்கே கிடந்த டயரில் உட்கார்ந்துவிட்டார். "மூணு வண்டியச் சேத்து ஏலத்துல எடுத்தேன் அத்தான். புத்தகம் இருக்கான்னு பாத்தேன். உள்ள என்ன இருக்குன்னு பாக்கல."

"நான் மட்டும் என்ன. கலரப் பாத்துட்டுக் கைகொடுத்தேன்" என்றார் அப்பா.

எங்களை வீட்டில் இறக்கிவிட்டு மாமா வாசலிலேயே நின்றார். அம்மாவும் உள்ளேயே நின்றாள். அத்தைதான் நாற்காலியை உருட்டிக்கொண்டு போனாள்.

"ஏமாந்து வந்தியா, ஏமாத்த வந்தியா?"

"ஏமாந்துட்டேன் பெரியக்கா."

"அப்ப டீ உண்டு. ஏமாத்த வந்திருந்தா வெறும் தண்ணிதான்."

மாமா சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. டீ குடிக்காமல் போய்விட்டார். அம்மா மறுபடி துணி மடிக்க உட்கார்ந்தாள்.

நான் சரியாகத்தான் செய்தேனா?


ஜூன் 16, திங்கள்

டாக்ஸி வந்தது. அத்தை சொன்னாள்: "இன்னிக்கும் டப்பா எனக்கு முன்னாடி."

இந்த முறை அப்பாவிடம் சொன்னாள்.


ஜூன் 22, ஞாயிறு

மாத்திரை டப்பாவைப் பார்க்கப் போனோம். அப்பா, அத்தை, நான். வொர்க்‌ஷாப் அக்கா தனியாக வந்து சேர்ந்தார். புத்தகத்தை அப்பா கையில் வாங்கி, திறக்காமலே என்னிடம் கொடுத்தார். "நீ பாரு."

பத்து வருட வண்டி. தொண்ணூற்று இரண்டாயிரம் கிலோமீட்டர். சிஸ்டர் புதிதாக வாங்கியது. இப்போது அவருக்கு இரட்டைக் குழந்தைகள், பெரிய வண்டி வேண்டும். முன் பம்பரில் கீறல். பின்கண்ணாடிகளைக் கையால் சுற்றி இறக்கவேண்டும். நிறம் சத்தியமாகச் சகிக்காது.

ஆனால் அந்தப் புத்தகம்! நீலம், கறுப்பு, ஒரு பக்கம் பென்சில். மசிக் கட்டைவிரல் நாலு இடத்தில். டீ டம்ளர் வட்டம் ஒன்று. ஐந்தாவது வருடத்தில், "மூன்று மாதம் தாமதம். வீட்டில் உடம்பு சரியில்லை." இன்னொரு இடத்தில் மெக்கானிக்கின் எழுத்து: "பிரேக்கில் சத்தம். அடுத்த மாதம் பார்ப்பதாகச் சொன்னார்." அடுத்த மாதம்: "பார்த்தாயிற்று." முத்திரை ஆரம்பத்தில் தெளிவாக இருந்து, வரவரத் தேய்ந்து, கடைசிக்கு முந்தையதில் பாதி எழுத்தே இல்லை. கடைசியில் புது முத்திரை.

"உண்மைப்பா" என்றேன்.

அப்பா வேறு எதுவும் கேட்கவில்லை. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. சரி, பெருமைக்காகத்தான் எழுதுகிறேன்.

அக்கா அடியில் படுத்துப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார், கருவியையும் செருகினார். இரண்டு எண்ணும் ஒன்றே. "ஓடின வண்டிதான். கிளட்ச் ஒரு வருஷம் தாங்கும், அப்புறம் மாத்தணும். முன் டயர் ரெண்டும் இப்பவே மாத்தணும். ஏசி கொஞ்சம் சோம்பேறி. சாமானெல்லாம் எந்தக் கடையிலயும் கிடைக்கும். எது எப்பப் போகும்னு தெரியுது, அதான் எனக்குப் பிடிச்சிருக்கு. அந்தச் சிவப்பு எப்ப நிக்கும்னு என்னால சொல்லியிருக்க முடியாது."

நான் டேப்பை எடுத்து டிக்கியை அளந்தேன். கால் வைக்கும் தகடுகளைக் கழற்றினால் நாற்காலி படுத்துக்கொள்கிறது. ஒரு விரல் இடம் மிச்சம். டிக்கியின் விளிம்பு என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அம்மா தூக்கினாலும் முதுகு வளையாது. அத்தை நாற்காலியிலிருந்து முன் இருக்கைக்கு ஒரே நகர்த்தலில் போய் உட்கார்ந்தாள். ரெண்டும் ஒரே உயரம். சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றாள்.

விலை சிவப்பில் முக்கால் பங்கு. சிஸ்டர் குறைக்க முடியாது என்றார். டயர் ஒன்றை நீங்கள் போடுங்கள், ஒன்றை நான் போடுகிறேன் என்று அப்பா ஆரம்பித்தார்.

அத்தை கண்ணாடியை இறக்கினாள். "சிஸ்டர், என் நரம்பு கிடைக்காம நாலு தடவை குத்துனீங்களே, ஞாபகம் இருக்கா? அதுக்கு ரெண்டு டயரும் நீங்கதான்."

"மூணு தடவதாங்க."

"சரி, காத்து நாங்க அடிச்சுக்கிறோம்."

சிஸ்டர் இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். இரண்டு டயரும் அவரே.


ஜூன் 29, ஞாயிறு

பெயர் மாற்றத்துக்குக் காகிதம் கொடுத்தாயிற்று. வண்டி அடுத்த வாரம் கைக்கு வரும்.

மாமா வரவில்லை. போனும் இல்லை. அம்மா என்னோடு சாதாரணமாகத்தான் பேசுகிறாள். சாதாரணமாகப் பேச முயற்சி செய்கிறாள் என்பதுதான் தெரிகிறது.

விளக்கணைக்கும்போது கேட்டேன். "என் மேல கோவமாம்மா?"

"கோவம் இல்லடி. பதினாலு வயசுல உனக்கிருக்கிற தைரியம் எனக்கு இருந்திருந்தா, அவன் அன்னிக்கு அண்ணியப் பேசினப்பவே ஒண்ணு வச்சிருப்பேன்."

எனக்குப் பதினாலரை. திருத்தவில்லை.


ஜூலை 6, ஞாயிறு

டப்பா வாசலில் நிற்கிறது. கழுவினோம். கழுவிய பிறகும் அதே நிறம்தான்.

மதியம் மாமா வந்தார். கையில் ஒரு பை. யாரையும் பார்க்காமல் நேரே டிக்கியைத் திறந்து வேலையை ஆரம்பித்தார். தரைக்குக் கெட்டியான ரப்பர் விரிப்பு. நாற்காலி ஆடாமல் பிடிக்க இரண்டு பட்டை. இதே மாடல் வண்டி ஒன்றை அளந்து தானே தைக்கக் கொடுத்தாராம். பட்டை வேண்டும் என்று எப்படித் தோன்றியது என்று கேட்டேன். "நீ எழுதின தாள உங்கப்பா எனக்குப் படம் எடுத்து அனுப்பினாரு. நாற்காலிக்கு இடம் இல்லன்னு எழுதியிருந்த பாரு, அதப் படிச்சப்புறம்தான்... பெரியக்காவுக்குன்னு சொல்லி வண்டி கொண்டாந்தேன், அவங்க நாற்காலியையே நினைக்கல."

சிவப்பை உண்மையான கிலோமீட்டரைச் சொல்லியே விற்றாராம். நஷ்டம். எவ்வளவு என்று அப்பா கேட்கவில்லை.

வேலை முடிந்ததும் மாமா அத்தையை இருக்கைக்கு மாற்றினார், நாற்காலியை மடித்தார், தானே தூக்கி டிக்கியில் வைத்து, பட்டையை மாட்டி, ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. அத்தை அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாரமா இருக்கா தம்பி?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "இல்ல பெரியக்கா" என்றார்.

இன்று டீ குடித்தார். இரண்டு டம்ளர். போகும்போது என் தலையில் ஒரு தட்டு. "மௌனசாமி, இனிமே நான் வாங்கற வண்டிக்கெல்லாம் புத்தகத்த உன்கிட்டதான் முதல்ல காட்டணும் போல." கேலிதான். ஆனால் முழுக்கக் கேலி இல்லை.

அம்மா ஈரக் கையோடு வாசலில் நின்று கையசைத்தாள், மாமா முக்குத் திரும்பும்வரை.


ஜூலை 7, திங்கள்

மணி நாலு இருபது. முதல் நாள். நானும் போகிறேன், அத்தையை விட்டுவிட்டுத் திரும்பி வந்து பள்ளிக்குக் கிளம்பவேண்டும்.

பயமாக இருக்கிறது. கிளம்பாவிட்டால்? பச்சையைச் சொன்னது அத்தை, ஆனால் உண்மை என்று சொன்னது நான்தானே. சாவியைத் திருப்பி அது இருமிக்கொண்டு நின்றுவிட்டால்?

நேற்று இரவு அப்பா வண்டியின் புத்தகத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். "இனிமே இதுல எழுதறது உன் பொறுப்பு. எண்ணெய், டயர், எல்லாம். நாளைக்குக் காலைல கிளம்புச்சா இல்லையான்னு முதல்ல அத எழுது. கிளம்பலன்னா கிளம்பலன்னே எழுது." என் தாள் இன்னும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது, குனியும்போது மூலை தெரிந்தது.

கடைசி முத்திரைக்குக் கீழே ஒரு வெற்று வரி. தேதியை எழுதிவிட்டேன். கறுப்பு மை. மீதியைச் சாவி திருப்பிய பிறகு.

எஞ்சின் சத்தம் கேட்கிறது. வாசலில்தான். நம்முடையதா? நம்முடையதுதான். ஒரே திருப்பில். அத்தை ஏதோ சொல்கிறாள், அம்மா சிரிக்கிறாள். எஞ்சின் நிற்கவில்லை, சீராக ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பாவின் செருப்புச் சத்தம் இந்தப் பக்கம் வருகிறது. நோட்டை மறைக்கவேண்டும். இப்போது கதவைத் தள்ளிக்கொண்டு

தள்ளவில்லை. தட்டுகிறார். இரண்டு